அணைகயிறு

காரமடைக்கு மேற்கே செங்கோடன் தோட்டத்தில் தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி மாதம் ஒரு பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பன்னிரண்டு பேரும் ஆம்பளைகள். அங்கே கட்டுத்தரையில் நிற்கிற நாற்பது மாடுகளுக்குப் பால் கறப்பதும் சாணி அள்ளுவதும் தீனி போடுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் ஒருத்தி பெயரும் அந்தத் தாளில் ஏறவில்லை. "பொம்பளைங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்? அவங்க என்ன குழிக்குள்ளயா எறங்கப் போறாங்க" என்று செங்கோடன் சொல்லிவிட்டார். தோட்டமும் மாடும் அவருடையவை, ஆட்கள் அவரைப் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான்.

பயிற்சி வேண்டும் என்று கேட்டதும் அவர் இல்லை, பால் வாங்குகிற கம்பெனி. வெளிநாட்டுக்குப் பால்பவுடர் அனுப்பப் போகிறார்களாம். அங்கே வாங்குகிறவன் மாடு என்ன தின்கிறது, மாட்டுக்காரனுக்கு என்ன தெரியும் என்பதற்கெல்லாம் தாள் கேட்கிறானாம். தாள்தானே, கொடுத்துவிட்டால் போகிறது என்று செங்கோடன் ஒத்துக்கொண்டார்.

கம்பெனி அனுப்பிய ஆள் பெயர் ஆல்வின். முப்பது வயது இருக்கும். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பவுண்டரியில் ஆறு வருஷம் இதே வேலை பார்த்தவர். மொபெட்டில் வந்து இறங்கினார். பின்னால் சுருட்டிக் கட்டிய படங்கள், போட்டோவுக்கு இரண்டு மஞ்சள் ஹெல்மெட். செங்கோடன் நாற்காலி போட்டு, எந்த ஊர் என்று கேட்டார். அங்கே யார் வீட்டுப் பையன் என்றும் கேட்டார். பதில் வந்ததும் 'சார்' என்று ஆரம்பித்தவர் 'தம்பி'க்கு இறங்கிவிட்டார். கேட்க உட்கார்ந்த பன்னிரண்டு பேரில் முக்கால்வாசிப் பேர் ஆல்வினுடைய சொந்தபந்தத்து ஆட்கள்தான். அவர்களாவது மதித்தார்களா என்றால் அதுவும் இல்லை. நம்ம தெருப் பையன் நமக்கே பாடம் எடுக்க வந்துவிட்டான் என்று துண்டை வாயில் வைத்துச் சிரித்தார்கள். உள்ளூர் மாடு விலை போகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

மாசாணியம்மாளுக்கு அன்றைக்கு டீ கொடுக்கிற வேலை. நாற்பது வயது, கட்டையான உடம்பு. பத்து வயதிலிருந்து பால் கறக்கிறவள். அவள் இடுப்பில் எப்போதும் ஒரு அணைகயிறு செருகியிருக்கும். உதைக்கிற மாட்டின் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற நான்கு முழக் கயிறு அது. மற்றவர்கள் மாட்டைத் தட்டிக்கொடுத்து, கெஞ்சி, இரண்டு உதை வாங்கிக் கட்டுவார்கள். மாசாணியம்மாள் குனிந்தது தெரியும், கட்டு விழுந்தது தெரியும், நடுவில் கை போனது தெரியாது.

டீத் தூக்கோடு தூணோரம் நின்றவள் கிளாஸ் காலியாகும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். மாட்டுக்குப் பின்னால் நிற்காதீர்கள் என்று ஆல்வின் ஆரம்பித்ததும் கூட்டம் சிரித்தது. தீனி வெட்டுகிற மெஷினில் கையைக் கொடுக்காதீர்கள் என்றதும் இன்னும் சிரித்தது. அப்புறம் அவர் கட்டுத்தரைக்குப் பின்னால் இருந்த சாண எரிவாயுக் குழிக்கு வந்தார். பதினான்கு அடி ஆழச் செங்கல் குழி. மேலே இரும்பு டிரம் கவிழ்ந்து மிதக்கும். சாணி புளித்து வருகிற வாயுவில்தான் பண்ணாடி வீட்டு அடுப்பு எரிகிறது.

"கெணத்துல எறங்கறதுக்கு மின்னாடி வெளக்கு எறக்கிப் பாப்பீங்கல்லங்க" என்றார் ஆல்வின். "அணைஞ்சுதுன்னா எறங்க மாட்டீங்க. கெணத்துக்கு அது சரிங்க. இந்தக் குழிக்கு ஆகாது. மூடியிருக்கையில எறக்குனா பத்திக்கும். தொறந்து கெடக்கையில எறக்குனா நல்லா எரியும். அது எரியறப்பவே ஆளைக் கொல்லும்."

முன்வரிசையில் இருந்த காளிச்சாமி தலையைத் தூக்கினார். மாசாணியம்மாளின் வீட்டுக்காரர். தோட்டத்து வேலைக்கு வருமுன் பதினெட்டு வருஷம் கிணறு வெட்டினவர், தூர் எடுத்தவர். அன்னூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் மூச்சடைத்துக் கிடந்தவனைத் தோளில் போட்டு மேலே கொண்டுவந்தார், அவன் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான். கருமத்தம்பட்டியில் இன்னொருத்தன், அவனைப் பிணமாகத்தான் கொண்டுவர முடிந்தது. காளிச்சாமி இறங்கினால் ஆள் வரும் என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு. அந்தப் பேச்சில் அவருக்கு ஒரு பெருமை, இல்லையென்று சொல்ல முடியாது.

"காத்து நல்லா இருந்தாத்தானுங்க வெளக்கு எரியும்" என்றார். "வெளக்கு எரியற எடத்துல ஆளு எப்புடிங்க சாவான்?"

"இது வேற வெசமுங்க. துளி இருந்தாப் போதும். வெளக்கை ஒண்ணும் பண்ணாது, ஆளைத்தான் பண்ணும். முட்டை அழுகுன வாடை அடிக்கும். சாணியைக் கெளறக் கெளற மேல வரும். வாடை அடிக்கற வரைக்கும்கூடத் தப்பிக்கலாமுங்க. திடீர்னு வாடை நின்னுபோச்சுன்னா காத்து சுத்தமாயிருச்சுன்னு நெனச்சுராதீங்க. மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். அப்பறம் ரெண்டே மூச்சுதான்."

"எத்தனையோ கெணறு பாத்துட்டனுங்க" என்றார் காளிச்சாமி. கூட்டம் அவர் பக்கம்தான்.

ஆல்வின் விடவில்லை. இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டியே ஆகவேண்டும், மேலே முக்காலி நிறுத்திக் கப்பி மாட்ட வேண்டும், போர் கிணற்றுக் கம்ப்ரசரின் ஓஸ் பைப்பைக் குழிக்குள் விட்டுக் காற்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். கடைசியாக, "உள்ள ஒருத்தர் உழுந்துட்டா, மேல இருக்கறவங்க யாரும் எறங்கவே கூடாதுங்க" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. காளிச்சாமிக்கு முகம் சிவந்தது. "உழுந்தவனை உட்டுப்போட்டு நின்னு வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா? நாமெல்லாம் மனுசனுங்களா இல்லீங்களா?"

"இந்த மாதிரிக் குழியில செத்தவங்கள்ல பாதிக்கு மேல, மொதல்ல உழுந்தவங்க இல்லீங்க. காப்பாத்தப் போனவங்க."

மாசாணியம்மாள் கையில் தூக்கோடு அப்படியே நின்றாள். மற்றவர்களுக்கு அது ஒரு கணக்கு. அவளுக்கு அது ஒரு ஆளாகத் தெரிந்தது. முன்வரிசையில், பச்சைத் துண்டு போட்டு, மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள். எங்கே யார் விழுந்தாலும் இரண்டாவதாக இறங்குகிற ஆள் யாரென்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறாள், அவளுக்குத் தெரியாதா?

பயிற்சி முடிந்து ஆல்வின் படங்களைச் சுருட்டும்போது கிளாஸ் எடுக்கிற சாக்கில் பக்கத்தில் போனாள். "ஏனுங்க சார், எறங்கியே தீருவேன்னு நிக்கறவங்களை எப்புடிங்க தடுக்கறது?"

அந்தத் தோட்டத்தில் அன்று அவர் யார் வீட்டுப் பையன் என்று தெரிந்த பிறகும் சார் என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். ஆல்வின் கொஞ்சம் யோசித்தார். "பேசித் தடுக்க முடியாதுங்கக்கா. கையைப் புடிச்சா ஒதறிட்டுப் போயிருவாங்க. காலைப் புடிங்க. உட்ராதீங்க."

போட்டோ எடுத்தார்கள். ஹெல்மெட் இரண்டும் பண்ணாடியின் ஆபீஸ் ரூமில் ஆணியில் தொங்கின. ஒரு புது நைலான் கயிறு வாங்கிப் போட்டார். கப்பியும் முக்காலியும் அடுத்த மாதம் பார்த்துக்கலாம் என்றார். அடுத்த மாதம் வந்தது. டிரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததுதான் மிச்சம்.

ஆவணியில் டிரம்மைச் செயின் போட்டுத் தூக்கி லாரியில் ஏற்றி வெல்டிங்குக்கு அனுப்பினார்கள். அது திரும்பி வருவதற்குள் குழியின் அடியில் இறுகிக் கிடக்கிற வண்டலை அள்ளிவிட வேண்டும். மேலே நின்ற கரைசலை மோட்டார் வைத்து இறைத்தாயிற்று. மிச்சம் மூன்றடி, மனுஷன் இறங்கி வெட்டி அள்ள வேண்டியது. இறங்குகிற வேலை எழிலுக்கு. மாசாணியம்மாளின் தம்பி, இருபத்தாறு வயது. அவன் பெண்டாட்டி அன்புக்கரசியும் அங்கே சாணி அள்ளுகிறாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்.

காலையில் கஞ்சி ஊற்றும்போதே மாசாணியம்மாள் புருஷனிடம் சொன்னாள். "அந்தப் பையனை இடுப்புல கயிறு கட்டி எறக்குங்க. கம்ப்ரசரு போடச் சொல்லுங்க."

"நாலு நாளா வானம் பாத்துக் கெடக்குது குழி. அதுல என்ன இருக்கப்போகுது? நான் வெளக்கு எறக்கிப் பாத்துட்டுத்தான் ஆளை உடுவேன். நீ போய் மாட்டைப் பாரு புள்ள."

சொன்னபடி இறக்கிப் பார்க்கவும் செய்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை விட்டு, ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் வைத்திருந்தார். சுடர் ஆடவில்லை, குறையவில்லை. பதினெட்டு வருஷம் அவரைக் காப்பாற்றிய விளக்கு அது. அதை நம்பாமல் நேற்று மொபெட்டில் வந்தவரை நம்புவாரா?

மூன்று மணிக்குப் பால் கறக்க உட்கார்ந்த மாசாணியம்மாளுக்குக் கட்டுத்தரைச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது எல்லாம் கேட்டது. எழில் கேட்டான். "மச்சான், இடுப்புல கயிறு கட்டட்டுங்களா?"

"எதுக்கு? கயித்தைக் கட்டிக்கிட்டு மம்பட்டி எப்புடி வீசுவே? இருக்கறது ஒரே நல்ல கயிறு, அது வாளி இழுக்கட்டும். எறங்கு மாப்ள, வெளக்குத்தான் எரியுதல்ல."

அவளுக்கு எழுந்து போகலாமா என்றுதான் இருந்தது. மாடு பாதிக் கறவையில் இருந்தது. கிணற்று வேலையில் புருஷனுக்குப் புத்தி சொல்லப் போய் நாலு பேர் எதிரில் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் மனசு வரவில்லை. இந்த மாட்டை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு மாட்டைப் பற்றி அவள் பிற்பாடு எத்தனை தடவை நினைத்திருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

முதலில் வாளி மேலே வருகிற சத்தம் ஒழுங்காகக் கேட்டது. மம்பட்டி வண்டலில் விழுகிற சத்தம். எழில் கேலி பேசுகிற சத்தம். "யப்பா, என்ன நாத்தம், பண்ணாடி ஊட்டு அடுப்புல சோறு எப்புடித்தான் மணக்குதோ." மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள். பத்துப் பன்னிரண்டு வாளி போயிருக்கும். பிறகு தம்பியின் குரல் சந்தோஷமாக வந்தது.

"மச்சான், வாடை சுத்தமா நின்னுபோச்சுங்க. இப்ப நல்லாயிருக்குது."

மாசாணியம்மாள் மாட்டின் காலிலிருந்து அணைகயிற்றை உருவினாள். எந்த அவசரத்திலும் கறவைக்காரி மாட்டைக் கட்டோடு விட்டு எழுந்திருக்க மாட்டாள், கை தானாகவே செய்தது. பால் வாளி உருண்டது. கயிற்றோடு ஓடினாள்.

அவள் குழியோரம் வருவதற்குள் உள்ளே சத்தம் இல்லை. வாளிக் கயிறு தொய்ந்து கிடந்தது. காளிச்சாமி எட்டிப் பார்த்து, "மாப்ள, ஏ மாப்ள" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எழில் வண்டலில் ஒருச்சாய்ந்து கிடந்தான். மம்பட்டிக் காம்பு அவன் கையிலேயே இருந்தது.

காளிச்சாமி துண்டைத் தூக்கி எறிந்தார். ஏணியைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தார். மாசாணியம்மாள் பேசவில்லை, கையைப் பிடிக்கவில்லை. குனிந்தாள். உதைகால் மாட்டுக்குப் போடுகிற அதே எட்டுக்கட்டு, அதே ஒரு சுண்டு. இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டு விழுந்தது. காளிச்சாமி ஏணிக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் குப்புற விழுந்தார்.

என்ன நடந்தது என்று அவருக்கே ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் பேசக்கூடாததெல்லாம் பேசினார். சேர்த்துக் கட்டிய காலாலேயே உதைத்தார். ஒரு உதை அவள் வாயில் விழுந்து உதடு கிழிந்தது. முப்பது வருஷம் மாட்டிடம் உதை வாங்கினவள், விடுவாளா? கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, காலின் மேல் மொத்த உடம்பையும் போட்டுப் படுத்துவிட்டாள்.

"உடு புள்ள, உன்ற தம்பி சாகறான். உன்ற கூடப் பொறந்தவன்."

"கம்ப்ரசரு போடுங்க" என்று அவள் மற்றவர்களைப் பார்த்துக் கத்தினாள். "ஓஸ் பைப்பைக் கொண்டாந்து குழிக்குள்ள உடுங்க. யாரும் எறங்காதீங்க."

அன்புக்கரசி சாணிக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். குழிக்குள் பார்த்தாள். பிறகு மாசாணியம்மாளின் முதுகில் இரண்டு கையாலும் அடித்தாள். "உடுங்கண்ணி. அண்ணனை உடுங்கண்ணி. அவரு போனாக் கொண்டாந்துருவாரு." அவள் அடித்துக்கொண்டே இருந்தாள், மாசாணியம்மாள் வாங்கிக்கொண்டே இருந்தாள். தம்பி கீழே கிடக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிடித்திருந்தாள். அந்த நேரம் அவள் நெஞ்சு பட்ட பாட்டை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

செங்கோடன் ஓடினார். குறை சொல்லக்கூடாது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஓடினார். கம்ப்ரசரின் ஓஸ் பைப்பைப் போர் குழாயிலிருந்து கழற்றி, இழுத்து, எட்டாமல் துண்டு ஒட்டு வைத்து, குழிக்குள் விட்டுக் காற்று அடிக்கப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. காலையிலேயே இழுத்து வைத்திருந்தால் இரண்டு நிமிஷ வேலை. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிப்பது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை.

காற்று இறங்கின பிறகுதான் காளிச்சாமிக்கும் கொஞ்சம் புத்தி இறங்கியது. பாதாளக்கரண்டி கொண்டுவரச் சொன்னார். கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்கிற இரும்புக் கொக்கி அது. காலில் கட்டோடே குழியின் விளிம்புக்கு ஊர்ந்து போய், படுத்தபடி கொக்கியை இறக்கினார். மாசாணியம்மாள் அப்போதும் கயிற்று நுனியை விடவில்லை. மூன்றாவது வீச்சில் எழிலின் அரைக்கால் சட்டைப் பட்டையில் கொக்கி மாட்டியது. நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள்.

டிராக்டரில் போட்டுக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்கு முன்னமே உயிர் இல்லை.

மூன்றாம் நாள் ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். செங்கோடன் பயிற்சித் தாளை எடுத்து நீட்டினார். ஏழாவது கையெழுத்து எழிலுடையது, கோணல்மாணலாக, பாதி இங்கிலீஷில். "எல்லாம் சொல்லிக் குடுத்திருக்குதுங்க. கயிறும் வாங்கி வெச்சிருந்தேன். கேக்காம எறங்கிப்போட்டான்" என்றார். ஹெல்மெட்டையும் காட்டினார். செத்தவனுடைய கையெழுத்து உயிரோடு இருக்கிறவருக்கு எப்படியெல்லாம் ஒத்தாசை செய்கிறது பாருங்கள்.

அதிகாரி மாசாணியம்மாளைக் கூப்பிட்டார். "எறங்கக்கூடாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ பயிற்சிக்குப் போனியா? உன் பேரு இதுல இல்லையே."

"இல்லீங்க. அன்னிக்கு டீ குடுத்தேனுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். "கயிறு கட்டாம எறங்கச் சொன்னது யாரு?"

காளிச்சாமி பத்தடி தள்ளித் தலை குனிந்து நின்றார். மாசாணியம்மாளின் உதட்டில் தையல் இன்னும் காயவில்லை.

"தெரியாதுங்க. நான் கறந்துட்டு இருந்தனுங்க" என்றாள்.

அதனால் எழில் சொல்பேச்சுக் கேட்காதவன் என்று தாளில் ஏறிப்போனான். கேட்டுத்தான் இறங்கினான் என்று தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டாள். தம்பிக்குச் செய்த துரோகம் அது. அவள் அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? புருஷனைக் காப்பாற்றிக்கொள்ளத் தம்பியைக் காவு கொடுத்தவள் என்றார்கள். காளிச்சாமி இறங்கியிருந்தால் ஆள் வந்திருக்கும் என்றார்கள். டீக்கடையில் காளிச்சாமி உட்கார்ந்தால் எவனாவது பெஞ்சுக்கு அடியில் குனிந்து, கட்டு அவிழ்த்தாச்சா என்று பார்ப்பான். அவர் கடைக்குப் போவதை நிறுத்தினார். வீட்டில் பேசுவதையும் நிறுத்தினார். சோற்றைப் போட்டு வைத்தால் அவள் நகர்ந்த பிறகு சாப்பிடுவார். ஒரே ஒரு தடவை, சுவரைப் பார்த்துச் சொன்னார். "நான் எறங்கியிருந்தாக் கொண்டாந்திருப்பேன்."

மாசாணியம்மாள் தட்டை எடுத்துக் கழுவப் போனாள். ஆல்வின் சொன்னது சரியாக இருந்தால் அவள் ஒரு உயிரைக் காப்பாற்றினாள். தப்பாக இருந்தால் ஒரு உயிரை எடுத்தாள். எது என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அன்புக்கரசி அவள் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மத்தியானம். அவள் தோட்டத்திலிருந்து வந்தபோது வீட்டில் அரிக்கேன் விளக்கைக் காணோம். கூடையில் அடை வைத்திருந்த வெள்ளைக் கோழியையும் காணோம். அடுத்த வீட்டுக்காரி, "உங்க ஊட்டுக்காரரு குழிப் பக்கமாப் போனாருங்க" என்றாள்.

விசாரணை முடியவில்லை என்று குழியை யாரும் தொடாமல் அப்படியே போட்டிருந்தார்கள். மாசாணியம்மாள் வெயிலில், செருப்பில்லாமல் ஓடினாள். கோழி எதற்கு என்று யோசிக்கவில்லை. அந்த மனுஷன் குழிக்குள் கிடப்பார் என்றுதான் கண்முன்னால் தெரிந்தது.

காளிச்சாமி குழிக்கு மேற்கே, காற்று முதுகில் அடிக்கிற பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நீள மூங்கில், நுனியில் ஈர வண்டல். அதை விட்டு அடியைக் கிளறியிருக்கிறார். வாளிக் கயிறு கையில் இருந்தது. அவளைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. கயிற்றை மெல்ல மேலே இழுத்தார்.

முதலில் விளக்கு வந்தது. எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே கட்டியிருந்த கூடையில் கோழி, கழுத்து தொங்கி, கண் மேல் தோல் மூடிக் கிடந்தது.

"ரெண்டு தடவை ரெக்கையை அடிச்சுது" என்றார் காளிச்சாமி. "அவ்வளவுதான். வெளக்கு ஆடக்கூட இல்ல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. பதினேழு நாளில் அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. நம்பினதை எல்லாம் ஒரு கோழி பொய்யாக்கிவிட்ட மனுஷன் முகம் எப்படி இருக்கும் என்று அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"மாப்ள கயிறு கட்டட்டுங்களான்னு கேட்டான் புள்ள" என்றார். "நாந்தான் வேண்டாம்னேன். எறங்குன்னு நாந்தான் சொன்னேன்."

"தெரியுமுங்க. கறந்துட்டு இருக்கையில கேட்டுச்சு."

காளிச்சாமி திரும்பி அவளைப் பார்த்தார். "கேட்டுச்சா? அந்த அதிகாரி கேக்கறப்பத் தெரியாதுன்னியே. ஊரே உன்னையப் பேசுச்சு. நானும் பேசுனேன். அப்பக்கூட ஒரு வார்த்தை நீ சொல்லலையே, ஏன்?"

"சொல்லியிருந்தா நீங்க எறங்கியிருப்பீங்க" என்றாள் மாசாணியம்மாள்.

அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். எழில் செத்ததற்கு அவர் அழுதது அன்றைக்குத்தான். அழுது முடித்ததும் கூடையோடு கோழியைக் குழிமேட்டுக்கு அந்தப் பக்கம் மண் பறித்துப் புதைத்தார். விளக்கை ஊதி அணைத்தார்.

"அன்புக்கரசிகிட்ட நானே சொல்லோணும். அப்பறம் அந்த அதிகாரிகிட்டயும்" என்றார்.

"அவ இந்நேரம் ஊட்டுலதானுங்க இருப்பா. வாங்க, நானும் வாரேன்" என்று எழுந்தாள்.